கரடிக்கு ஒரு வேளைச் சோறு

சாப்பிடுவதற்குச் சம்பளம் தரும் வேலை என்று ஒன்று உலகத்தில் இருந்தால், அது தேரிக்காட்டு ஏவுதளத்தில்தான் இருந்தது. காலை ஆறு மணிக்கு நெய் மிதக்கும் பொங்கல். ஒன்பது மணிக்குப் பரோட்டா, சால்னா. மத்தியானம் சீலாமீன் குழம்பும் சோறும். நாலு மணிக்கு முதலூர் மஸ்கோத் அல்வா, அதுவும் துண்டு கணக்கில்லை, தட்டுக் கணக்கு. ராத்திரி இடியாப்பத்தோடு ஆட்டுக்கால் பாயா. இத்தனையும் ஆறே ஆறு பேருக்கு. மெஸ் மாஸ்டர் சுடலைக்கண் அடுப்பை அணைப்பதே கிடையாது.

அந்த ஆறு பேரும் சனிக் கிரகத்தின் நிலா ஒன்றுக்குப் போகிறவர்கள். போய்ச் சேர இரண்டு வருடம், அந்த இரண்டு வருடமும் தூக்கம். உடம்பைக் குளிரவைத்து, மூச்சைக் குறைத்து, உள்ளே சேர்ந்திருக்கும் கொழுப்பைக் கொஞ்சம் கொஞ்சமாக எரித்துக்கொண்டே போய் இறங்க வேண்டும். அதனால் ஏறும் முன் ஆளுக்குத் தொண்ணூறு கிலோவாவது இருந்தாக வேண்டும் என்று சட்டம். முத்துப்பேச்சி வந்து சேர்ந்தபோது ஐம்பத்தோரு கிலோ. தண்ணீர் சுத்திகரிப்பு இன்ஜினியர், முப்பத்து மூன்று வயது, உடன்குடிக்காரி. “சனி பிடிச்சவங்களத்தான் பாத்திருக்கோம், சனியப் பிடிக்கப் போறவ இவ ஒருத்திதான்” என்று அவள் தெருவில் பெருமையும் கேலியுமாகச் சொல்லிக்கொண்டார்கள்.

முதல் நாளே டாக்டர் அமலபுஷ்பம் ஆறு பேரையும் மெஸ்ஸில் உட்காரவைத்து, ஒரு தம்ளர் தண்ணீரில் தேங்காய் எண்ணெயைச் சொட்டுவிட்டுக் காட்டினார். மணப்பாட்டுக்காரம்மா அவர். ஐம்பத்தைந்து வயது, கண்டிப்பென்றால் அப்படியொரு கண்டிப்பு.

“இந்தா, இந்தச் சொட்டு மாதிரிதான். ஒவ்வொரு கொழுப்பு செல்லுக்குள்ளயும் இப்படி ஒரு எண்ணெய்ச் சொட்டு இருக்கு. சும்மா மிதந்துகிட்டுக் கெடக்குன்னு நெனைக்காதீய. அதைச் சுத்திப் புரதம் காவல் நிக்குது. நீங்க சாப்பிட்டா இன்சுலின் வந்து கதவைச் சாத்தச் சொல்லும். பசிச்சா வேற ஹார்மோன் வந்து தொறக்கச் சொல்லும். காவல்காரன் வெலகி வழி விட்டாத்தான் கொழுப்பை வெட்டி எடுக்குத நொதி உள்ள போக முடியும்.”

“அப்ப நாங்க சாப்பிடுதது எல்லாம் அங்க போயிருமா?” என்று ஆசையாகக் கேட்டான் பால்துரை. விண்கப்பலை ஓட்டப் போகிறவன் அவன்தான். நாசரேத்துக்காரன். கேள்வி கேட்கும்போதும் வாயில் பரோட்டா இருந்தது.

“போவும். வாரம் ஒரு பூட்டு ஊசி போடுவேன். காவல்காரன் அசையமாட்டான், உள்ள போனது வெளிய வராது, சீக்கிரம் நெறையும். தூங்கப் போறப்ப சாவி ஊசி. அவன் மெதுவா வழி விடுவான். ரெண்டு வருசத்துக்கும் அளந்து அளந்து குடுப்பான்.”

“எதுக்கு இம்புட்டுப் பாடு? குளுக்கோஸ் ஏத்திட்டுப் போனா என்ன?”

“ஆறு பேருக்கு ரெண்டு வருசம் குளுக்கோஸ் ஏத்தணும்னா கப்பல் பூராவும் பாட்டில்தான் இருக்கும். உன்னைய எங்க போட?” என்ற டாக்டர் விரலை நீட்டினார். “ஒண்ணு மட்டும் சொல்லிட்டேன். சாப்பாட்டு அட்டவணையில கை வெச்சா கப்பல்ல எடம் கெடையாது. ஒரு நேரம் தட்டைத் தள்ளுனாலும் வீட்டுக்குப் போயிரலாம். கையெழுத்துப் போடுங்க.”

ஆறு பேரும் போட்டார்கள். முத்துப்பேச்சியும் போட்டாள். போடும் முன் அந்தக் காகிதத்தை அவள் இரண்டு தடவை படித்தாள், காரணம் இருந்தது.

போன வருடத் தசராவில், குலசேகரன்பட்டினத்து அம்மன் கோயில் கூட்டத்தில் நின்று, “தாயே முத்தாரம்மா, சனிக்குப் போற லிஸ்டுல என் பேரு வந்துரணும்” என்று அவள் கும்பிட்டுக்கொண்டிருந்தாள். கண்ணை மூடி உருகிக்கொண்டிருந்த அந்த நேரம் பார்த்து, வேஷம் கட்டிவந்த ஒரு கரடி அவள் காலை நன்றாக மிதித்துவிட்டுப் போனது. வேறு யாராவது என்றால் திட்டியிருப்பார்கள். முத்துப்பேச்சிக்கு அது அம்மன் உத்தரவாகத் தெரிந்தது. “பேரு வந்தா, நானும் கரடி வேசம் போட்டு வாரேன்” என்று நேர்ந்துவிட்டாள். பேரும் வந்துவிட்டது!

நேர்ந்தால் சும்மா வேஷம் கட்ட முடியாது. மாலை போட்டு நாற்பத்தோரு நாள் விரதம் இருக்க வேண்டும். ஒரு நாளைக்கு ஒரு வேளை, பச்சரிசிச் சோறு, மீன் வாசனைகூடப் படக்கூடாது. கப்பல் கிளம்புவதோ தசரா முடிந்து மூன்றாம் வாரம். போய்விட்டுத் திரும்பிவர ஏழு வருடம். ஏழு வருடம் அம்மனைக் காக்க வைத்துவிட்டு சனியில் போய் உட்கார முடியுமா? அவளுக்கு மனசு ஒப்பவில்லை.

டாக்டரிடம் ஒரு தடவை வாய் திறந்து பார்த்தாள். “டாக்டரம்மா, இந்த விரதம்னு ஒண்ணு...”

“விரதமா? நானும்தான் ஈஸ்டருக்கு முன்னால தவசு காலத்துல இருப்பேன். அதெல்லாம் திரும்பி வந்த பொறவு வெச்சுக்க. போ, அல்வா ஆறுது.”

போய்விட்டாள். ஆனால் நாள் வந்ததும் துளசிமாலையைப் போட்டுக்கொண்டாள். கழுத்தில் தெரிந்தால் வம்பு என்று மேல்சட்டைக் காலரை எப்போதும் இழுத்துப் பொத்தானிட்டுக்கொண்டாள்.

தட்டுகளை எடை இயந்திரம் பார்க்கும். தட்டு காலியாக வர வேண்டும், அவ்வளவுதான் அதற்குத் தெரியும். யார் வயிற்றுக்குள் போனது என்று அது கேட்காது. அவளுக்கு அடுத்த நாற்காலி பால்துரையுடையது. கடவுளே கொண்டுவந்து உட்காரவைத்த மாதிரிதான்.

“ஏ பேச்சி, அந்தப் பாயாவைத் தொடாம வெச்சிருக்கியே?”

“வேணும்னா எடுத்துக்கிடுங்கண்ணே. எனக்கு வயிறு சரியில்ல.”

“வயிறு சரியில்லன்னா அல்வாவும் ஆகாது” என்று அதையும் இழுத்துக்கொண்டான். அவனுக்கு விஷயம் புரியாமல் இல்லை. மூன்றாம் நாளே காலரைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினான். “ஒனக்குப் புண்ணியம், எனக்குப் பாயா. நல்ல ஏற்பாடுதான்.”

சுடலைக்கண் மாஸ்டருக்கு மாலைபோட்டவர்களைக் கண்டுபிடிக்கக் காலர் எல்லாம் பார்க்க வேண்டியதில்லை. இரண்டாம் நாள் மத்தியானம் முத்துப்பேச்சியின் முன்னால், மீன் சட்டி ஏறாத தனி அடுப்பில் வடித்த பச்சரிசிச் சோறும் பருப்பும் வந்து உட்கார்ந்தன. மாஸ்டர் தட்டை வைத்துவிட்டுத் தலையைச் சொறிந்துகொண்டே போய்விட்டார். பயப்படாமல் தின்ன ஒரு வேளை கிடைத்ததில் முத்துப்பேச்சிக்குக் கண் கலங்கிவிட்டது.

எடை மட்டும் சும்மா இருக்குமா? எண்பத்து நாலு வரை ஏறியிருந்தவள் பதினாலு நாளில் எண்பதுக்கு இறங்கிவிட்டாள். பால்துரை நூற்று முப்பதைத் தொட்டான். அவன் நடந்து வந்தால் மெஸ் கதவு இரண்டு பக்கமும் திறந்தாக வேண்டும்.

“என்னட்டி இது, மத்தவங்க எல்லாம் ஊதிக்கிட்டு வாராவ, நீ மட்டும் வத்திக்கிட்டுப் போற?” என்று டாக்டர் அமலபுஷ்பம் எடைப்பலகையை மூன்று தடவை தட்டிப் பார்த்தார். “சோதனைத் தூக்கம் நாளைக்கு. பத்து நாள். அதுல சரியா வந்தாப் பாக்கலாம். வரலன்னா உன் எடத்துக்கு ரிசர்வ்ல ஒரு ஆள் நிக்காரு. நான் ஒண்ணும் செய்ய முடியாது.”

பள்ளிக்கூடத்தில் மொட்டைமாடியில் படுத்து சனியின் வளையத்தை ஓட்டைத் தொலைநோக்கியில் பார்த்த நாளிலிருந்து அவள் ஆசைப்பட்டது இந்த ஒன்றுக்குத்தான். அந்த இடம் கைவிட்டுப் போய்விடும்போல் இருந்தது. இருந்தாலும் விரதத்தை விடவில்லை. கண்ணாடிப் பெட்டிக்குள் படுத்தபோது, கழுத்தில் இருந்தால் தெரிந்துவிடும், மாலையை உடம்பை விட்டு எடுக்கவும் கூடாதே என்று புஜத்தில் சுற்றிக் கட்டிக்கொண்டாள். ‘பத்து நாளும் பச்சைத் தண்ணிகூட இல்ல. விரதத்துல சுத்தமான விரதம் இதுதான் தாயே’ என்று நினைத்துக்கொண்டே தூங்கிப்போனாள்.

கண் விழித்தபோது அவளுக்கு நல்ல பசி. பசி என்றால் வெறும் பசி, மயக்கமோ தள்ளாட்டமோ கிடையாது. எழுந்து உட்கார்ந்து, “மாஸ்டர், சோறு ஆச்சா?” என்று கேட்டே விட்டாள். சிரிப்பார்கள் என்று பார்த்தாள். யாரும் சிரிக்கவில்லை.

அடுத்திருந்த நாலு பெட்டிகளும் காலியாகத் திறந்து கிடந்தன. ஐந்தாவதின் பக்கத்தில் கட்டில் போட்டு, இரண்டு கையிலும் குளுக்கோஸ் ஏற, பால்துரை படுத்திருந்தான். அந்தப் பெரிய உடம்பு அப்படியேதான் இருந்தது. முகம்தான் வெளிறி, கண் குழிவிழுந்து கிடந்தது. தம்ளரைத் தூக்கப் பார்த்தான். முடியவில்லை.

“என்னாச்சுண்ணே?”

“நாலாம் நாளே எழுப்பிட்டாவ பேச்சி. பட்டினியில சாவப் பாத்தேனாம்.” அவன் சிரிக்க முயன்றான். “நூத்து முப்பது கிலோ வெச்சுக்கிட்டு நான் பட்டினி. நாசரேத்துல சொன்னா நம்புவானா?”

டாக்டர் அமலபுஷ்பம் அவளைத் தன் அறைக்குக் கூட்டிப்போனார். பத்து நாளில் அந்த அம்மா பத்து வயது கூடிப்போயிருந்தார்.

“சாவி ஊசி அஞ்சு பேருக்கும் வேலை செய்யல. கதவே தொறக்கல. சொட்டுச் சொட்டா எண்ணெய் உள்ள நெறைஞ்சு கெடக்கு, ரத்தத்துல ஒண்ணும் இல்ல. நெறைஞ்ச நெல்லுக் குதிருக்குப் பக்கத்துல பசியில விழுந்து கெடந்தாப்புல. உடம்பு சதையைத் தின்ன ஆரம்பிச்சிட்டு. உனக்கு மட்டும் அளந்து வெச்ச மாதிரி தொறந்துருக்கு. பத்து நாளும்!”

முத்துப்பேச்சிக்கு உள்ளே சட்டென்று சந்தோஷம் பொங்கியது. “அப்ப என் எடம்?”

“உன் எடத்துக்கு என்ன. கப்பலை அனுப்புத கமிட்டிக்கு நீதான் இப்ப செல்லப்பிள்ளை. உன்னைய வெச்சுத்தான், ‘மருந்து வேலை செய்யுது, மத்தவங்களுக்கு அளவை ரெட்டிப்பாக்குனா போதும், தேதியை மாத்த வேண்டாம்’ங்காவ. ரெண்டு நாளா சண்டை போட்டுப் பாத்துட்டேன். உன் ரிப்போர்ட்டைத் தூக்கி என் முன்னால போடுதாவ.” டாக்டர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். “எனக்கு நம்பிக்கை இல்லட்டி. ஆனா ஏன்னு சொல்லத் தெரியலயே. ஒரே மருந்து, ஒரே சாப்பாடு. உனக்கு மட்டும் எப்படி?”

ஒரே சாப்பாடு! முத்துப்பேச்சி நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

சொல்லாவிட்டால் அவள் இடம் பத்திரம். முதல் ஆளாகக் கூப்பிட்டு ஏற்றுவார்கள். பக்கத்துப் பெட்டியில் பால்துரை படுப்பான். இங்கேயாவது நாலாம் நாள் எழுப்ப டாக்டர் இருந்தார், அங்கே யார் எழுப்புவது? சொன்னாலோ, கையெழுத்துப் போட்ட காகிதம் மேசை இழுப்பறையில் இருக்கிறது. அவள் வாழ்க்கையில் ஆசைப்பட்ட ஒரே இடம். ‘என்னைய இப்படி மாட்டிவிட்டுட்டியே தாயே’ என்று அம்மனையே ஒரு திட்டுத் திட்டினாள். பிறகு சட்டைக் கையை மேலே சுருட்டி மாலையைக் காட்டினாள்.

“ஒரே சாப்பாடு இல்ல டாக்டரம்மா.”

எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். கரடி காலை மிதித்ததிலிருந்து ஆரம்பித்து, பச்சரிசிச் சோறு, பாயா, பால்துரை வரைக்கும். மாஸ்டர் பெயரை மட்டும் விழுங்கிவிட்டாள்.

டாக்டர் கேட்டுக்கொண்டே இருந்தார். முகம் முதலில் சிவந்தது. “எனக்கே அல்வா குடுத்துருக்கியேட்டி!” என்று மேசையை ஓர் அறை அறைந்தார். “அதுவும் நான் எழுதிக்குடுத்த அல்வாவை!” அப்புறம் எழுந்து ஜன்னல் பக்கம் போய் நின்றார். திரும்பியபோது கண் வேறு மாதிரி இருந்தது.

“ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் சாப்பிடாம இருந்த?”

“இருபத்து மூணு மணி நேரம் இருக்கும்.”

“தெனமும்?”

“தெனமும்தான். விரதம்லா.”

டாக்டர் நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தார். “நான் ஒரு கிறுக்கி. மத்த அஞ்சு பேருக்கும் மூணு மணிக்கொரு தரம் சோத்தைப் போட்டேன். இன்சுலின் எறங்கவே இல்ல. எட்டு மாசமா காவல்காரன்கிட்ட ‘சாத்து, சாத்து’ன்னே சொல்லிக்கிட்டு இருந்தா, ‘தொற’ங்கிற வார்த்தையே அவனுக்கு மறந்துபோச்சு. அதுக்கு மேல என் பூட்டு ஊசி வேற. உன் காவல்காரனுக்கும் அதே பூட்டுத்தான். ஆனா நீ தெனம் ஒரு தடவை பசியோட போயி அவனை உலுக்கியிருக்க. அவன் தொறந்து சாத்தி, தொறந்து சாத்திப் பழக்கத்துல இருந்துருக்கான். எவ்வளவு சேத்தோம்னே பாத்துக்கிட்டு இருந்தேனே தவிர, எடுக்கத் தெரியுதான்னு ஒரு நாளாவது பாத்தேனா?”

“அப்ப மருந்தை ரெட்டிப்பாக்குனா?”

“ஆக்குனா நீ ஒருத்தி போய் எறங்குவ. சுத்தி அஞ்சு பேரு இருப்பாவ, கொழுகொழுன்னு. உயிர் இருக்காது.”

டாக்டர் பேனாவை எடுத்தார்.

“உள்ளதை உள்ளபடி எழுதப் போறேன். உன் பேரையும் எழுதணும். அட்டவணையை மீறுனது, தட்டை மாத்துனது, எல்லாம். தெரியும்லா?”

“எழுதுங்க.” குரல் உடைந்ததை முத்துப்பேச்சி மறைக்கவில்லை. அழுகை வந்தது, அழுதாள். “ஒண்ணே ஒண்ணு டாக்டரம்மா. தசரா வரைக்கும் அந்த ஒரு வேளைச் சோத்தை மட்டும் நிறுத்திராதீய.”

“அது யாரு வடிச்சுத் தாரான்னும் எனக்குத் தெரியும்” என்றார் டாக்டர். “அவரு பேரை நீ சொல்லல, நானும் எழுதல.”

பதினைந்து நாள் ஓடியது. கமிட்டியிலிருந்து ஒரு சத்தமும் இல்லை. டாக்டர் தலைநகருக்கு விமானத்தில் போனார், வந்தார், மறுபடி போனார். தசரா பத்தாம் நாளும் வந்துவிட்டது.

குலசேகரன்பட்டினத்தில் அன்று மத்தியானம் கால் வைக்க இடமில்லை. காளிகள் நாக்கை நீட்டிக்கொண்டு டீ குடித்தார்கள். போலீஸ் வேஷக்காரர்கள் உண்மையான போலீஸ்காரர்களுக்கு வழிகாட்டினார்கள். மேளச் சத்தத்தில் பக்கத்தில் நிற்பவர் பேசுவதே கேட்கவில்லை. அதற்கு நடுவில் கறுப்புச் சடையும் பெரிய தலையுமாக ஒரு கரடி, கையில் தட்டேந்தித் தர்மம் எடுத்துக்கொண்டே வந்தது. கரடியின் இடுப்புக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு கூடவே வந்தான் பால்துரை. உடம்பு தேறியிருந்தது. வலது கையில் கயிறு, இடது கையில் வாழைக்காய் பஜ்ஜிப் பொட்டலம்.

“உள்ள வேகுதா பேச்சி?”

“வேகுது. பேசாம வாங்கண்ணே, பஜ்ஜி வாசனை மூக்குத் துளையில நேரா வருது.”

கொஞ்ச தூரத்தில் கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஓர் அம்மா, எதிரில் வரும் கரடிகளை எல்லாம் நிறுத்தி, “முத்துப்பேச்சியா? நீ முத்துப்பேச்சியா?” என்று கேட்டுக்கொண்டு வந்தார். இரண்டு கரடிகள் இல்லையென்று தலையாட்டின. ஒரு கரடி தலையைத் தூக்கி மீசையைக் காட்டியது. கடைசியில் டாக்டர் அமலபுஷ்பம் பால்துரையின் உருவத்தைப் பார்த்துத்தான் இடத்தைக் கண்டுபிடித்தார்.

மூச்சு வாங்க வந்து நின்றவர், மடித்த காகிதம் ஒன்றைக் கரடியின் தட்டில் போட்டார்.

முத்துப்பேச்சி தட்டைக் கண்ணருகே தூக்கிப் பார்த்தாள். வீட்டுக்குப் போகச் சொல்லும் காகிதத்தை இங்கேயே கொண்டுவந்து தந்துவிட்டார்களா? கரடித் தலையின் ஓட்டை வழியாக எழுத்து தெரியவில்லை. “நீங்க படிங்கண்ணே” என்றாள். குரல் அவளுக்கே கேட்கவில்லை.

பால்துரை பஜ்ஜியை வாயில் கடித்துப் பிடித்துக்கொண்டு காகிதத்தைப் பிரித்தான். பிறகு பஜ்ஜியை எடுத்துவிட்டுப் படித்தான். “‘தற்போதைய உணவு அட்டவணை உயிருக்கு ஆபத்தானது எனத் தெரியவந்ததால், அது தொடங்கிய நாள் முதற்கொண்டு ரத்து செய்யப்படுகிறது.’”

“அப்படின்னா?”

“மூணு மணி நேரம் கத்துனேன்” என்றார் டாக்டர். “தொடங்குன நாள்ல இருந்தே அட்டவணை இல்லன்னு ஆனபெறவு, இல்லாத அட்டவணையை இவ எப்படி மீறுனான்னு கேட்டேன். கடைசியில கையெழுத்துப் போட்டுக் குடுத்துட்டாவ. உனக்கு எடம் இருக்குட்டி.”

கரடி அப்படியே நின்றது. உள்ளே முத்துப்பேச்சி தேம்பித் தேம்பி அழுதாள், சிரிக்கவும் செய்தாள். தலை பெரியதாக இருந்ததில் அது யாருக்கும் தெரியவில்லை.

“ஆனா இந்த வருசம் கப்பல் இல்ல” என்றார் டாக்டர். “எல்லாருக்கும் கதவைப் பழக்கிட்டுத்தான் கெளம்பணும். அடுத்த தசரா முடிஞ்ச பெறவுதான். அதனால நீ இந்த வருசம் இப்படி அவசரப்பட்டிருக்கவே வேண்டாம். நிதானமா அடுத்த வருசம் வேசம் போட்டிருக்கலாம்.”

“அவசரப்படாம இருந்திருந்தா?” என்று கரடிக்குள்ளிருந்து குரல் வந்தது.

பால்துரை கயிற்றைக் கையில் இன்னொரு சுற்றுச் சுற்றி இறுக்கிப் பிடித்துக்கொண்டான். மேளக்காரர்கள் பக்கத்தில் வந்து ஓங்கி அடித்துவிட்டுப் போனார்கள்.

“இன்னும் இருக்கு, பின்பக்கம் படி” என்றார் டாக்டர்.

அவன் காகிதத்தைத் திருப்பினான். அதில் டாக்டரின் கையெழுத்து. “‘மற்ற ஐவருக்கும் நாளொன்றுக்கு ஒரு வேளைச் சோறு. முதல் பெயர், பால்துரை. மேற்பார்வை, முத்துப்பேச்சி. தட்டை மட்டும் பார்த்தால் போதாது, ஆளையும் பார்க்கவும்.’” கடைசி வரியைப் படிக்கும்போது அவன் குரல் கிணற்றுக்குள் போய்விட்டது.

கரடி தன் பெரிய தலையை மெல்ல அவன் பக்கம் திருப்பியது. பஜ்ஜிப் பொட்டலத்தைப் பார்த்தது. தட்டை நீட்டியது.

பால்துரை பொட்டலத்தை நெஞ்சோடு சேர்த்து அணைத்துக்கொண்டான்.

“இது நாளையில இருந்துதான, டாக்டரம்மா?”